காலி சீட்டுக்கு ஒரு பெல்ட்

அந்த வண்டி பழைய கார் விற்கிற யார்டுக்குள் வந்து நின்றபோது வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. சாம்பல் நிறக் குட்டி எஸ்.யூ.வி. கார் என்று சொன்னால் கொஞ்சம் பெரிசு, ஜீப் என்று சொன்னால் கொஞ்சம் சிறிசு. புதிதாக வாங்கக் கையில் பசை இல்லாத குடும்பங்கள், பழையதாகவாவது ஒன்று வாசலில் நிற்கட்டும் என்று தேடி வருகிற ரகம்.

ஓட்டி வந்தவர் எஞ்சினை அணைத்தார். இறங்கிக் கதவைச் சாத்தினார். பிறகு பின்பக்கக் கண்ணாடியருகே போய், இரண்டு கைகளையும் நெற்றியில் குவித்து உள்ளே எட்டிப் பார்த்தார். கொஞ்ச தூரம் நடந்தார். நின்றார். திரும்பி வந்து மறுபடியும் அதேபோல் பார்த்தார்.

"உள்ள ஏதாவது மறந்துட்டீங்களா சார்?" என்று கேட்டாள் டீச்சர்.

"இல்ல மேடம்." அவர் சாவியை அவள் கையில் கொடுக்காமல் மேஜைமேல் வைத்தார். "பழக்கம்."

டீச்சர் எந்தப் பள்ளியிலும் பாடம் நடத்தியதில்லை. யார்டுக்கு வருகிற ஒவ்வொரு வண்டிக்கும் அடியில் படுத்து, மேலே ஏறி, மோந்து, தட்டி, ஓட்டிப் பார்த்து மார்க் போடுவதால் வந்த பட்டப்பெயர் அது. வைத்தவன் அவள் கணவன். வாங்குவதும் விற்பதும் அவன் பாடு. பேச்சு அவனுடைய வேலை, சந்தேகம் அவளுடைய வேலை என்று கல்யாணமான புதிதிலேயே பிரித்துக்கொண்டார்கள். வியாபாரமும் அப்படித்தான் நடந்தது, சண்டையும் அப்படித்தான் நடந்தது.

அவள் வழக்கமான கேள்விகளைக் கேட்டாள்.

"எங்கயாவது இடிச்சிருக்கா சார்? விபத்து?"

"இல்ல."

"வெள்ளத்துல நின்னிருக்கா?"

"இல்ல."

"வேற யாராவது ஓட்டியிருக்காங்களா?"

"நான் மட்டும்தான்."

"ஓடும்போது ஏதாவது தொல்லை குடுத்திருக்கா?"

அவர் ஒரு கணம் வண்டியைப் பார்த்தார். "ஓடும்போது ஒண்ணுமே நடந்ததில்ல மேடம்."

"அப்புறம் எதுக்கு விக்கிறீங்க?"

"வீட்ல இப்ப ரெண்டே பேரு. இவ்வளவு பெரிய வண்டி எதுக்கு?"

அவர் போனபிறகு டீச்சரின் கணவன் வாசலையே பார்த்துக்கொண்டு நின்றான். "கவனிச்சியா? விக்க வர்றவங்க போகும்போது பானட்டை ஒரு தட்டாவது தட்டிட்டுப் போவாங்க, பொண்ணைக் கட்டிக் குடுத்து அனுப்புற மாதிரி. இவரு திரும்பிக்கூடப் பாக்கல."

"நமக்கு வண்டி நல்லா இருந்தா போதும்," என்றாள் அவள்.

வண்டி நன்றாகத்தான் இருந்தது. பெயிண்டின் கனம் எங்கும் ஒரே சீர். எந்தப் பக்கமும் டிங்கரிங் பார்த்த தடம் இல்லை. அந்த மாடலின் குறைகள் அவளுக்கு மனப்பாடம். முதல் கியரில் கிளட்ச் ஒரு நடுக்கம் நடுங்கும். டிக்கிக் கதவு மேடுபள்ளத்தில் பல் கடிக்கும். முன்னால் இருக்கும் திரை நினைத்தால் தூங்கும், நினைத்தால் விழிக்கும். ஏ.சி.யின் தண்ணீர் வடிகிற குழாய் அடைத்துக்கொண்டு உள்ளே ஈரவாடை வரும். எதுவும் ஆளைக் கொல்கிற குறை இல்லை. வாங்க வருகிறவர்கள் முகம் சுளித்தால் அவள் சொல்வதற்கென்று ஒரு வாக்கியம் வைத்திருந்தாள்: "இந்த மாடலுக்கு இது சகஜம்."

அவள் வண்டியை எடுத்து யார்டைச் சுற்றி ஒரு வட்டம் போனாள்.

பீப். பீப். பீப்.

டேஷ்போர்டில் சிவப்பாக ஒரு சின்ன மனித உருவம் எரிந்தது. இடது பக்கப் பின்சீட்டில் யாரோ பெல்ட் போடாமல் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று அதற்கு அர்த்தம்.

அவள் கண்ணாடியில் பார்த்தாள். பின்சீட் காலியாக இருந்தது.

இறங்கிப் போய்ச் சீட்டைக் கையால் அழுத்தினாள். சூடாக இருந்தது. வெயிலில் நின்ற வண்டி, சூடாகத்தானே இருக்கும். ஆனால் அந்தப் பக்கம் நிழலில் இருந்தது என்பது அவளுக்கு அப்போது உறைக்கவில்லை.

யார்டின் எலெக்ட்ரிஷியனுக்கு மின்னல் என்று பெயர். ஒரு பல்பு மாற்ற ஒரு பொழுதைக் கழிக்கிறவர் என்பதால் வந்தது. அவர் சீட்டைக் கழற்றி, அடியில் இருந்த சென்ஸாரை எடுத்துவிட்டு வேறொன்றைப் பொருத்தினார். பீப் நிற்கவில்லை. கடைசியில் சென்ஸாரே இல்லாமல் வயரை வெறுமனே தொங்கவிட்டார். அப்போதும் நிற்கவில்லை.

மின்னல் தலையைச் சொறிந்தார். "அக்கா, ஆள் இருக்குன்னு வண்டி சொல்லுது. ஆள் இல்லன்னு நான் சொல்றேன். நீங்க யாரை நம்புறீங்க?"

"ரெண்டு பேரையும் நம்பல. பெல்ட்டை இழுத்து மாட்டிவிடுங்க."

"அதுவும் சரிதான். அழுற பிள்ளை வாயில நிப்பிளை வெக்கிற வைத்தியம்."

அவர் கை எண்ணெயாக இருந்ததால் அவளே மாட்டினாள். பழைய கார் தொழிலில் எல்லோரும் செய்வதுதான். சென்ஸார் கெட்ட சீட்டுக்கு பெல்ட்டைக் குறுக்கே இழுத்துப் பூட்டிவிட்டால் வண்டி வாயை மூடிக்கொள்ளும். டக் என்று பூட்டியது.

பீப் நின்றது.

அந்த நிம்மதியில் ஒரு விஷயத்தை அவர்கள் கவனிக்கத் தவறினார்கள். காலி சீட்டில் பூட்டிய பெல்ட் சாய்மானத்தோடு ஒட்டிப் படுத்துக்கொள்ளும். இது படுக்கவில்லை. சீட்டுக்கும் பெல்ட்டுக்கும் நடுவே ஒரு கைப்பிடி இடைவெளி இருந்தது.

அந்த யார்டில் ஒரு வழக்கம் உண்டு. வந்த வண்டியை உடனே விலைப்பலகை மாட்டி நிறுத்த மாட்டார்கள். சில நாள் வீட்டுக்கு எடுத்துப்போய்ச் சொந்த வண்டிபோல ஓட்டுவார்கள். கடைக்கு, பள்ளிக்கு, ஆஸ்பத்திரிக்கு. ஒரு வண்டியின் குணம் வீட்டு வேலையில்தான் தெரியும் என்பது டீச்சரின் கட்சி. இந்த வண்டிக்கு வாங்குகிற ஆளும் தயாராக இருந்தது. கணவனின் தங்கை. கைக்குழந்தைக்காரி. "என் தங்கச்சிக்குக் குடுக்கிற வண்டி, நல்லாப் பாத்து மார்க் போடு," என்று அவன் சொல்லியிருந்தான்.

இரண்டாம் வகுப்புப் படிக்கும் அவர்கள் மகள் குட்டி, எப்போதும்போல வலது பக்கப் பின்சீட்டில் ஏறிக்கொண்டாள். புதிதாக வருகிற ஒவ்வொரு வண்டியையும் தனக்கே வாங்கியதாக நினைத்துக்கொள்கிறவள் அவள்.

முதல் நாளே டீச்சருக்கு அந்த வாடை தட்டியது. ஈரவாடை இல்லை. வெயிலில் வெகுநேரம் விளையாடிவிட்டு வந்த பிள்ளையின் உச்சந்தலையில் வருமே, அந்த வாடை. குட்டியின் தலையாகத்தான் இருக்கும் என்று விட்டுவிட்டாள். குட்டியைப் பள்ளியில் இறக்கிவிட்ட பிறகும் அது போகவில்லை.

ஏ.சி.யை முழுவதுமாகத் திருப்பினாலும் இடது பின்பக்கம் மட்டும் அனலடித்தது.

இந்த மாடலுக்கு இது சகஜம்.

இடது பின்கதவுக் கண்ணாடியில், உள்பக்கமாக, சாப்பாட்டுத் தட்டளவில் வட்டமாகப் பனி படர்ந்தது. துடைத்தாள். திரும்பிப் பார்ப்பதற்குள் மறுபடி படர்ந்தது.

இந்த மாடலுக்கு இது சகஜம்.

கதவின் உள்பக்கத்தில், கண்ணாடி முடிகிற விளிம்பில், மெல்லிய கீறல்கள் இருந்தன. பக்கத்தில் பக்கத்தில், ஒரே திசையில். "நாய் வளத்திருப்பாங்க," என்றான் கணவன். அவள் ஒரு மார்க் குறைத்தாள்.

ஒருநாள் மாலை, பள்ளியிலிருந்து வரும்போது, குட்டி தன் தண்ணீர் பாட்டிலைத் திறந்து இடது சீட்டில் நிறுத்தி வைத்திருப்பதைக் கண்ணாடியில் பார்த்தாள்.

"குட்டி, கொட்டிடும்டி. எடு."

"தாகமா இருக்குதாம்மா."

"யாருக்கு?"

அம்மாவுக்கு இதுகூடத் தெரியாதா என்பதுபோல் குட்டி நிமிர்ந்தாள். "யாரும் இல்லாட்டி அப்புறம் எதுக்கு பெல்ட் போட்டிருக்கீங்க?"

டீச்சர் கண்ணாடியிலிருந்து கண்ணை எடுத்து ரோட்டைப் பார்த்தாள்.

வீட்டில் வண்டியை நிறுத்தியபோது பாட்டில் காலியாக இருந்தது. சீட் நனைந்திருக்கவில்லை.

அன்று சாப்பிடும்போது அவள் பேச்சை எடுத்தாள். "அந்த வண்டியை உங்க தங்கச்சிக்குக் குடுக்க வேணாம்னு தோணுது."

"ஏன்? எஞ்சின்ல ஏதாவது?"

"எஞ்சின்ல இல்ல."

"கியர் பாக்ஸ்?"

"இல்லங்க. அந்தப் பின்சீட்டு…"

"பின்சீட்டு!" அவன் சிரித்தான். அந்தச் சிரிப்புதான் அவளுக்குப் பிடிக்காத சிரிப்பு, வாடிக்கையாளர்களுக்காக வைத்திருப்பது. "டீச்சர், நீங்க போட்ட மார்க்கை நீங்களே நம்பலன்னா வேற எவன் நம்புவான்? எங்க வீட்டு ஆளுங்களுக்கு ஏதாவது நல்லது நடந்தா உனக்கு எப்பவும் ஒரு பின்சீட்டு கிடைச்சிடும்."

"எனக்கென்ன வந்துச்சு? உங்க தங்கச்சி பிள்ளைதான் அங்க உட்காரப் போகுது."

"வாயைக் கழுவு."

அதற்குமேல் தட்டில் சோறு இறங்கவில்லை இரண்டு பேருக்கும்.

மறுநாள் காலை அவள் தனியாகப் போய் அந்த பெல்ட்டைக் கழற்றப் பார்த்தாள். சிவப்புப் பொத்தான் அமுங்கவில்லை. இரண்டு கட்டைவிரலையும் வைத்து அழுத்தினாள். உள்ளே ஸ்பிரிங் இருப்பது தெரிந்தது. ஆனால் அவள் அழுத்த அழுத்த, அடியிலிருந்து ஏதோ அதே பலத்தோடு மேலே தள்ளியது.

'இந்த மாடலுக்கு இது…' என்று மனசு தானாகத் தொடங்கியது. முடிக்க முடியவில்லை. எந்த மாடலுக்கும் இது சகஜமில்லை.

அவள் கதவைச் சாத்திவிட்டு ஆபீசுக்குள் போய்விட்டாள். மின்னல் வந்ததும் அறுத்து எறியச் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள். மின்னல் அன்றைக்கும் தாமதமாகத்தான் வந்தார்.

பள்ளியில் தண்ணீர் வரவில்லை என்று அன்று மதியமே பிள்ளைகளை விட்டுவிட்டார்கள். கணவன் அந்த வண்டியை எடுத்துப்போய் குட்டியைக் கூட்டிக்கொண்டு வந்தான். வரும்போதே போன். யாரோ வாங்குகிற ஆள், பேரத்தில் இருந்தான். யார்டில் நிழலே இல்லாத கடைசி வரிசையில் வண்டியை விட்டுவிட்டு, போனைக் காதில் வைத்தபடியே இறங்கி வாசல் பக்கம் போனான். எந்த வண்டி நின்றாலும், அவன் இறங்குவதற்கு முன்னால் குட்டி இறங்கி அம்மாவிடம் ஓடியிருப்பாள். என்றைக்கும் அப்படித்தான்.

டீச்சர் வேறொரு வண்டியின் டயரைப் பார்க்க அந்த வரிசைக்குப் போனாள். சாம்பல் வண்டி வந்து நிற்பதைப் பார்த்தாள். வீட்டுக்காரர் பூட்டாமல் விட்டுப் போயிருக்கிறார், வழக்கம்போல, என்று எரிச்சல் வந்தது. போகிற போக்கில் கண்ணாடி வழியாக ஒரு பார்வை பார்த்தாள். இடது பின்சீட்டுக்குக் குறுக்கே பெல்ட் பூட்டியிருந்தது மட்டும் மங்கலாகத் தெரிந்தது.

பூட்டிய பெல்ட் என்றால் காலி சீட். அவள் கண் அதற்குப் பழகியிருந்தது.

கண்ணாடியில் பனி. என்றைக்கும் இருப்பதைவிட அதிகம். 'அந்த ஏ.சி. குழாயை இன்னிக்காவது சுத்தம் பண்ணச் சொல்லணும்.'

இடுப்பில் தொங்கிய சாவிக்கொத்திலிருந்து மாற்றுச்சாவியின் ரிமோட்டை எடுத்து அழுத்தினாள். கதவுகள் ஒன்றாகப் பூட்டிக்கொண்டன.

அவளேதான் பூட்டினாள்.

ஆபீசுக்கு வந்து மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்தாள். தண்ணீர் குடித்தாள். ஒரு வண்டிக்கு மார்க் போட்டாள். வெளியே தகரக் கூரை வெயிலில் டிக் டிக்கென்று முறுக்கிக்கொண்டது.

கணவன் போனைப் பையில் போட்டபடி உள்ளே வந்தான். முகமெல்லாம் சிரிப்பு. "படிஞ்சிடுச்சு! எங்க, குட்டியைக் கூப்பிடு, ஐஸ்கிரீம் வாங்கித் தரேன்னேன்."

"ஸ்கூல் இன்னும் விடலையே."

"என்னது? நான்தான் கூட்டிட்டு வந்தேனே. உன்கிட்ட ஓடி வந்தாளே."

"வரல."

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

"எங்கிட்ட வரலங்க."

அவள் கண்ணுக்குள் அந்த பெல்ட் வந்தது. சற்று முன்னால் பார்த்த பெல்ட். இத்தனை நாளும் அது எதன்மேலும் படாமல் காற்றில் நின்றது.

இன்றைக்கு அது எதன்மேலோ படிந்திருந்தது.

அவள் ஓடினாள். செருப்பு எங்கே கழன்றதென்று தெரியவில்லை. சூடேறிய தரை காலைச் சுட்டதும் தெரியவில்லை. பின்னால் கணவன் ஏதோ கத்திக்கொண்டே வந்தான்.

ரிமோட்டை அழுத்தினாள். சத்தமில்லை.

மறுபடி அழுத்தினாள். சத்தமில்லை.

சாவியைக் கதவில் செருகித் திருப்பினாள். உள்ளே பூட்டு எழும்பியது. அவள் கைப்பிடியை இழுப்பதற்குள் மறுபடி விழுந்தது. திருப்பினாள். எழும்பியது. விழுந்தது.

இடது கண்ணாடி முழுவதும் பனி. அந்தப் பனியில் மூச்சு பட்ட வட்டம் தெரிந்தது.

ஒரு வட்டம் இல்லை.

பக்கத்தில் பக்கத்தில், இரண்டு வட்டம்.

"உடைங்க!" என்று அலறினாள். கணவன் வீல் ஸ்பேனரோடு வந்து வலது பின்கண்ணாடியை அடித்தான். மூன்றாவது அடியில் கண்ணாடி நொறுங்கி உதிர்ந்தது. உள்ளிருந்து அனல் ஒரு ஆள்போல வெளியே வந்து அவர்கள் மேல் மோதியது. கூடவே அந்த உச்சந்தலை வாடை.

அவள் சில்லுகளின்மேல் தவழ்ந்து உள்ளே போனாள். குட்டியின் தலை தோளில் சாய்ந்திருந்தது. முகம் செக்கச்சிவந்து, முடி நெற்றியில் ஒட்டியிருந்தது. உதடு அசைந்தது. உயிர் இருந்தது.

பக்கிளைத் தேடிக் கையை விட்டாள்.

பொத்தான் இருக்கும் இடத்தில் பொத்தான் தட்டுப்படவில்லை. அதற்குமேல் ஏதோ மூடியிருந்தது. அந்த அனலுக்குள் அது மட்டும் ஜில்லென்று இருந்தது. மெத்தென்று, சின்னதாக, விரல் விரலாக இருந்தது.

குட்டியின் இரண்டு கைகளும் மடியில் கிடந்தன.

"விடு," என்றாள் அவள். "விடுடா."

அந்த விரல்கள் இறுகின.

"கத்தி! யாராவது ஒரு கத்தி குடுங்க!"

மின்னல் வாழ்க்கையில் முதல்முறையாக மின்னலாக ஓடிவந்தார். வயர் சீவுகிற கத்தியை ஜன்னல் வழியாக நீட்டினார். அவள் பெல்ட்டை அறுத்தாள். ஒருதரம், இன்னொருதரம், பல்லைக் கடித்துக்கொண்டு அறுத்தாள். கடைசி இழை விட்டதும் பெல்ட் சர்ரென்று மேலே ஓடி மறைந்தது.

குட்டியை வாரி அணைத்துக்கொண்டு அவள் வந்த வழியே பின்னால் நகர்ந்தாள். கணவன் பிள்ளையை வாங்கிக்கொண்டான்.

அப்போதுதான் இடது பின்கதவு திறந்தது.

சைல்ட் லாக் போட்ட கதவு. உள்ளிருந்து திறக்கவே திறக்காது. அது மெல்லத் திறந்தது. ஒரு பிள்ளை இறங்குகிற நேரம் திறந்தபடி நின்றது. பிறகு, சத்தம் வராமல், பதவிசாகச் சாத்திக்கொண்டது.

"இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருந்தீங்கன்னா…" என்று ஆரம்பித்த டாக்டர், அவர்கள் முகத்தைப் பார்த்துவிட்டு அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை.

குட்டியின் கையில் சொட்டுச்சொட்டாக மருந்து இறங்கியது. கட்டிலின் இந்தப் பக்கம் அவள், அந்தப் பக்கம் அவன். அடங்கிய குரலில் ஒருவரையொருவர் கிழித்துக்கொண்டிருந்தார்கள்.

"பெத்த பிள்ளையை வண்டியில விட்டுட்டு வர்ற அளவுக்கு அந்த போன்ல என்ன இருந்துச்சு?"

"நான் விட்டேன். பூட்டினது யாரு? கண்ணால பாத்துட்டுத்தானே பூட்டின?"

"பெல்ட்டைப் பாத்தேன். அது எப்பவும் போட்டுத்தானே…"

"அதை எப்பவும் போட்டே வெச்சது யாரு?"

சொல்லிவிட்ட பிறகு அவனுக்கே வாய் கோணிக்கொண்டது. எழுந்துபோய் ஜன்னலைப் பார்த்துத் திரும்பி நின்று அழுதான்.

குட்டி கண்ணைத் திறந்தாள்.

"அம்மா."

"சொல்லுடா கண்ணு. ஏன் அந்தப் பக்கம் உட்கார்ந்த? ஏன் கத்தல? ஒரு சத்தம் போட்டிருந்தா அம்மா ஓடி வந்திருப்பேனே."

குட்டி அவள் காதைக் கையால் இழுத்து, ரகசியமாகச் சொன்னாள். "அவனே பெல்ட்டைக் கழட்டி எடம் விட்டான். கத்தலாம்னுதான் பாத்தேன். வேண்டாம்னான்."

"யாரு?"

"எவ்வளவு கத்தினாலும் யாருக்கும் கேக்காதாம். அவன் கத்திப் பாத்திருக்கானாம்."

அன்று மாலை டீச்சர் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று வண்டியை விற்றவருக்குப் போன் செய்தாள். மணி முழுதாக ஒருமுறை அடிப்பதற்குள் எடுத்துவிட்டார்.

"பின்னாடி பாத்தீங்களா மேடம்?" என்றார். வேறு எதுவும் கேட்கவில்லை.

"நீங்கல்லாம் மனுஷனா? என் பிள்ளை சாகக் கிடந்தா! ஒரு வார்த்தை சொன்னீங்களா?"

"பொய் சொல்லல மேடம். விபத்தான்னு கேட்டீங்க. இல்ல. ஓடும்போது ஏதாவதுன்னு கேட்டீங்க. ஓடும்போது ஒண்ணுமே நடக்கல. நின்னுட்டிருந்தப்பன்னு இதுவரைக்கும் யாரும் கேக்கல."

வராந்தாவின் கடைசியில் யாரோ சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

"பின்சீட்ல பையன் தூங்கிட்டிருந்தான். ஆபீஸ்ல ஒரு நிமிஷ வேலைன்னு இறங்கினேன். உள்ள போனதும் வேற வேலை வந்துடுச்சு." பிறகு கேட்டார். "மேடம், அந்த பீப் சத்தம் இன்னும் அடிக்குதா?"

"அது… பெல்ட்டை மாட்டி நிறுத்திட்டோம்."

"ஐயோ." அந்த ஐயோவில் இருந்தது கோபமா பயமா என்று அவளுக்குப் புரியவில்லை. "நான் நிறுத்தவே இல்ல. அடிச்சா அடிக்கட்டும்னு விட்டிருந்தேன். அது அடிக்கிற வரைக்கும் அவன் அங்கதான் உட்கார்ந்திருக்கான்னு தெரியுமில்ல. அவனைக் கட்டிப் போட்டா அவனுக்குப் பிடிக்காது மேடம். இப்ப பெல்ட் போட்டபடியா இருக்கு?"

"அறுத்துட்டேன்."

லைன் போய்விட்டது என்றே நினைத்தாள்.

"அப்ப இறங்கிட்டான்," என்றார் அவர். பிறகு, ஏங்குகிற குரலில், "எங்க வீட்டுக்கு வரலியே," என்றார்.

போன் வைக்கப்பட்டது.

தங்கைக்கு அந்த வண்டி போகவில்லை. கணவன் பேரம் பேசவில்லை, காரணமும் சொல்லவில்லை. இழுவை வண்டி வந்து அதை உடைக்கிற இடத்துக்குக் கொண்டுபோனது. அது வாசலைத் தாண்டும்போது டீச்சர் ஆபீஸ் கதவைச் சாத்திக்கொண்டாள். மின்னல்தான் பார்த்துவிட்டு வந்து சொன்னார், இடது பின்கண்ணாடியில் பனியே இல்லை அக்கா, பளிச்சென்று இருந்தது என்று. அவளுக்கு நல்ல செய்தியாகச் சொல்வதாக நினைத்துத்தான் சொன்னார்.

அதன்பிறகு வீட்டுக்கு எந்த வண்டியையும் எடுத்துப்போகவில்லை. சொந்தமாக ஒரு பழைய கார் இருந்தது. அவளுடைய அப்பா ஓட்டியது. கண்ணாடியைக் கையால் சுற்றித்தான் இறக்க வேண்டும். டேஷ்போர்டில் வேகமுள்ளும் பெட்ரோல் முள்ளும் தவிர ஒன்றும் கிடையாது. சென்ஸார் இல்லை. எச்சரிக்கை விளக்கு இல்லை. கதவு திறந்திருந்தால்கூட அது வாயைத் திறக்காது. அந்த ஊமைத்தனம் டீச்சருக்கு இப்போது ஆறுதலாக இருந்தது.

குட்டி பள்ளிக்குப் போகத் தொடங்கினாள். முதல் நாள் மாலை அவளைக் கூட்டிவர கணவனும் மனைவியும் சேர்ந்தே போனார்கள். டீச்சர் ஓட்டினாள். அந்தச் சண்டைக்குப் பிறகு அன்றுதான் அவன் ஒரு ஜோக் சொன்னான். அவளும் சிரித்தாள். குட்டி வலது பக்கப் பின்சீட்டில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டே வந்தாள். வெயில் இறங்கியிருந்தது. காற்று நன்றாக வந்தது.

பெரிய ரோட்டிலிருந்து தெருவுக்குள் திரும்பும்போது அது தொடங்கியது.

பீப். பீப். பீப்.

அவள் டேஷ்போர்டைப் பார்த்தாள். எந்த விளக்கும் எரியவில்லை. எரிவதற்கு விளக்கே கிடையாது.

கணவன் தன் போனை எடுத்துப் பார்த்தான். வைத்துவிட்டான். அவள் முகத்தைப் பார்த்தான். அவள் ரோட்டைப் பார்த்தாள். கண்ணாடியில் பார்க்க அவளுக்குக் கழுத்து வரவில்லை.

"உனக்குக் கேக்குதா?" என்றான், உதடு மட்டும் அசைய.

அவள் தலையாட்டினாள்.

பின்னாலிருந்து அந்த வாடை வந்தது. வெயிலில் விளையாடிய பிள்ளையின் உச்சந்தலை வாடை.

அவள் தெருவை மெதுவாகக் கடந்தாள். அடிக்கட்டும் என்று நினைத்தாள். அடிக்கிற வரைக்கும் அங்கதான் உட்கார்ந்திருக்கான். வீட்டு வாசல் வந்தது. பிரேக்கை மிதித்தாள். எஞ்சினை அணைக்கவில்லை. அணைக்கத் தைரியம் வரவில்லை. இப்படியே ஊரைச் சுற்றிக்கொண்டிருந்தால் என்ன என்றுகூடத் தோன்றியது.

குட்டி வலது கதவைத் திறந்து குதித்து, பையை ஆட்டிக்கொண்டு வாசலுக்கு ஓடினாள்.

பீப். பீப்.

நின்றது.

எஞ்சின் ஓடிக்கொண்டுதான் இருந்தது. சாவியை அவள் தொடவே இல்லை.

இடது பக்கம் கதவு திறக்கிற சத்தமும், பதவிசாகச் சாத்துகிற சத்தமும் கேட்டன.

கணவன் அவள் கையைப் பிடித்தான். இரண்டு பேரும் வாசலைப் பார்த்தார்கள்.

குட்டி வீட்டுக் கதவைத் தள்ளித் திறந்தாள். ஒரு காலை உள்ளே வைத்தாள். உடனே போய்விடவில்லை. பின்னால் வருகிறவருக்காகப் பிடித்துக்கொள்வதுபோல், கதவை அகலமாகப் பிடித்தபடி ஓரமாக ஒதுங்கி நின்றாள்.

கொஞ்ச நேரம் நின்றாள்.

பிறகு உள்ளே போய், கதவைச் சாத்திக்கொண்டாள்.